நீலகிரி ரயில் மாடலுக்கு மரமும் செடியும் செய்வது எப்படி

மேட்டுப்பாளையத்தை விட்டு ரயில் கிளம்பியதும் முதலில் கண்ணில் படுவது பாக்குத் தோப்பு. கல்லாறு தாண்டி எஞ்சின் தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பல்சட்டத்தைப் பிடித்து ஏறத் தொடங்கினால் இருபுறமும் அடர்காடு. குன்னூர் நெருங்க நெருங்கத் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று போகப் போகக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) சைப்ரஸும். ஊட்டி வரை மொத்தம் 46 கிலோமீட்டர்தான். அதற்குள் ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏற்றம். எவ்வளவு மேலே வந்துவிட்டோம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்வது மரங்கள்தான்.

ரயில் மாடல் செய்கிறவர்கள் எஞ்சினுக்கும் பாலத்துக்கும் மாதக்கணக்கில் உழைக்கிறோம். மரம் என்று வந்ததும் கடையில் விற்கும் பச்சை உருண்டைகளை வாங்கி வரிசையாகக் குத்திவிடுகிறோம். எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. ரயிலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டாலும், மரத்தை மட்டும் பார்த்து ஒருவர் “இது கேத்திப் பக்கம்தானே?” என்று கேட்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கும் அது எட்டாத காரியம் இல்லை. பெரிய செலவும் இல்லை. பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

கம்பி வாங்கும் முன்

முதலில் ஒரு இடத்தை முடிவு செய்யுங்கள். கல்லாறா, அதற்கும் குன்னூருக்கும் நடுவே உள்ள ஹில்குரோவா, கேத்தியா? மூன்றையும் ஒரே பலகையில் கலந்தால் எதுவுமே அந்த ஊராகத் தெரியாது. ஓடும் ரயிலும் இதில் வழிகாட்டும். பல்சட்டம் இருப்பது கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். இப்போது வழக்கமாக நீராவி எஞ்சின் குன்னூரோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் டீசல். உங்களிடம் இருப்பது நீராவி எஞ்சின், இன்றைய காட்சியைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால், காடும் தேயிலையும் உங்களுக்கு. கற்பூர மரங்களுக்கு நடுவே ரயில் ஓட வேண்டும் என்றால் குன்னூருக்கு மேலே வாருங்கள்.

அடுத்தது அளவு. பலரும் வைத்திருக்கும் எச்ஓ (HO) அளவு 1:87, அதாவது உண்மையில் 87 பங்கு மாடலில் ஒரு பங்கு. இதில் ஒரு மீட்டர் என்பது 11.5 மி.மீ. இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் எல்லாவற்றையும் கணக்கிடலாம். 30 மீட்டர் கற்பூர மரம் ஏறத்தாழ 35 செ.மீ. ரயில் பெட்டியோ தண்டவாளத்திலிருந்து கூரை வரை சுமார் 4 செ.மீ.தான். அதாவது மரம் பெட்டியைப் போல எட்டு மடங்குக்கு மேல் உயரம்! முதல்முறை செய்கிறவர்கள் இதை நம்பாமல் 12 செ.மீ.யில் நிறுத்திவிடுவார்கள். அங்கேயே மலை சின்னதாகிவிடும். இடம் போதாவிட்டால் 25 செ.மீ. வரை குறைக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். ‘என்’ (N) எனப்படும் 1:160 அளவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு மீட்டர் 6.25 மி.மீ.

உண்மையான மரத்தின் உயரத்தை அறிய ஏணி வேண்டாம். மரத்தடியில் நண்பரை நிற்கச் சொல்லுங்கள். கையை நீட்டி ஒரு பென்சிலைப் பிடித்து, அவர் உயரத்தைப் பென்சிலில் விரலால் குறியுங்கள். அதே அளவு மரத்தில் எத்தனை முறை போகிறது என்று எண்ணிப் பெருக்கினால் உயரம் கிடைத்துவிடும். அங்கேயே நின்று இன்னும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் கிளை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் பிரிகிறது, கிளை மேல்நோக்கிப் போகிறதா பக்கவாட்டில் விரிகிறதா, இலைகளுக்கு நடுவே வானம் எவ்வளவு தெரிகிறது. மூன்றாவதுதான் முக்கியம். நம் கண் மரத்தை அடையாளம் காண்பது இலையால் மட்டும் இல்லை, இலை இல்லாத இடத்தாலும்தான்.

பார்க்கப் போகிறேன் என்று தண்டவாளத்தில் நடக்காதீர்கள். ஸ்டேஷன் நடைமேடையும் ரயில் ஜன்னலும் சாலையோரமும் போதும்.

என்னென்ன வேண்டும்

எலக்ட்ரிக்கல் வேலை நடக்கும் வீட்டில் மிஞ்சும் பழைய ஒயர், அதுதான் நம் மூலதனம். 2.5 சதுர மி.மீ. ஒயரின் பிளாஸ்டிக்கை உரித்தால் உள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட மெல்லிய செம்பு இழைகள் இருக்கும். தண்டுக்கு வலு வேண்டுமானால் நடுவில் கட்டுக்கம்பி வைக்கலாம். ஆனால் நம் மலையின் ஈரத்தில் இரும்புக் கம்பி துருப்பிடித்து, பெயின்டைத் தாண்டிப் பழுப்புக் கறையாக வெளியே வரும். கட்டுக்கம்பிக்கு முதலில் ஒரு கோட் ப்ரைமர் அடித்துவிடுங்கள்.

மற்றவை: குறடு, மாஸ்கிங் டேப், ஃபெவிகால், சுவருக்குப் பூசும் பட்டி, அக்ரிலிக் வண்ணங்கள், தலையணைக்குள் அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு, பழைய சோபாவின் ஸ்பான்ஜ், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே, நெருக்கமான கண்ணுள்ள சல்லடை இரண்டு. தேங்காய் நாரும் ரப்பரும் கலந்து செய்த பழைய மெத்தை எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். புதருக்கும் வேலிக்கும் அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. ஒரு துண்டைக் கிழித்து விரலால் பிய்த்துத் தளர்த்தினால், சிக்கலான குச்சிகள் உள்ள புதர் அப்படியே வந்துவிடும்.

இயற்கைப் பொருள்களில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். சோலைமரத்தில் (மலைமேல் குட்டையாக அடர்ந்த காட்டைச் சோலை என்போம்) தொங்கும் தாடிப்பாசி மாடலுக்கு அழகாக இருக்கும், கை துறுதுறுக்கும். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் எதை எடுத்தாலும் குற்றம். அதோடு அந்தப் பாசி மிக மெதுவாக வளர்வது, நம் பலகைக்காக அதைப் பிய்க்கக் கூடாது. வீட்டுத் தோட்டத்தில் உதிர்ந்த சுள்ளி, காய்ந்த பூந்தண்டு, பிடுங்கிய செடியின் வேர் இவையே நிறையக் கிடைக்கும்.

இலைத்தூள்

ஸ்பான்ஜைச் சிறு துண்டுகளாக நறுக்கி, தண்ணீர் ஊற்றி மிக்சியில் அடியுங்கள். இதற்கென்று ஒரு பழைய ஜார் தனியாக இருக்கட்டும், சமையல் ஜாரை எடுக்க வேண்டாம். உலர்ந்த ஸ்பான்ஜை அரைத்தால் தூள் பறந்து மூக்கில் ஏறும், அதனால்தான் தண்ணீர். அரைத்ததைத் துணியில் பிழிந்து, அக்ரிலிக் வண்ணத்தைப் பிசைந்து, நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்ததும் இரண்டு சல்லடையிலும் சலித்தால் கரடு, நடுத்தரம், நைஸ் என்று மூன்று தூள் கிடைக்கும்.

நிறத்தில்தான் பெரும்பாலோர் தவறுவது. குப்பியிலிருந்து வரும் பச்சையை அப்படியே பயன்படுத்தவே கூடாது. எந்தப் பச்சையிலும் கொஞ்சம் காவியோ பழுப்போ சேருங்கள். கற்பூர மரத்துக்கு வெள்ளையும் துளி நீலமும் சேர்த்துச் சாம்பல் பூத்த பச்சை. சோலைக்கு ஆழ்ந்த பச்சை, கூடவே தளிருக்குச் செம்பும் சிவப்பும் தனியாகக் கொஞ்சம். தேயிலைக்கு இரண்டு: அடியில் கரும்பச்சை, மேலே மஞ்சள் தட்டிய இளம்பச்சை. மரத்துக்கு ஒரே நிறம் என்று வைக்காமல் இரண்டு மூன்று தூளைக் கலந்தே தூவுங்கள்.

கற்பூர மரம்

தைல மரம் என்றும் சொல்வோம், யூகலிப்டஸ். இதில் கை பழகிவிட்டால் மற்றவை எளிது. அதனால் இதிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன்.

35 செ.மீ. மரத்துக்கு 45 செ.மீ. நீளத்தில் ஒயர் துண்டுகள் இரண்டு, கட்டுக்கம்பி ஒன்று. பிளாஸ்டிக்கை உரித்து எல்லா இழைகளையும் கட்டுக்கம்பியோடு ஒன்றாகப் பிடியுங்கள். அடியில் 3 செ.மீ. விட்டுவிடுங்கள், பலகையில் குத்தி நிறுத்த அது வேண்டும். அங்கிருந்து மேலே முறுக்கிக்கொண்டே போங்கள். பாதி உயரம் வரை கிளையே வேண்டாம். தோப்பில் நெருக்கமாக நிற்கும் கற்பூர மரம் வெளிச்சம் தேடி நெட்டையாக ஏறும், கீழ்க்கிளைகள் உதிர்ந்துபோகும். பாதிக்கு மேல் ஐந்தாறு இழைகளைப் பிரித்து, குறுகிய கோணத்தில் மேல்நோக்கி முறுக்குங்கள். அந்தக் கிளையை மூன்றும் இரண்டுமாகப் பிரியுங்கள், பிறகு நுனியில் ஒவ்வொரு இழையும் தனியாக நிற்கட்டும். ஒரு விரல் தூரம் மேலே போய், எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பி, அடுத்த கிளை. இரண்டு கிளைகள் ஒரே உயரத்தில் எதிரெதிரே வந்தால் மரம் விளக்குக் கம்பம் போல ஆகிவிடும்.

முறுக்கி முடித்ததும் மரத்தைப் பிடித்துப் பாருங்கள், ஒல்லியாக இருக்கும். உண்மையில் 70 செ.மீ. தடிமன் உள்ள தண்டு நம் அளவில் 8 மி.மீ. வர வேண்டும். அடிப்பாகத்தில் மாஸ்கிங் டேப்பைக் கிழித்துச் சுற்றி, மேலே போகப் போகச் சுற்றைக் குறையுங்கள். பிறகு பட்டி, ஃபெவிகால், தண்ணீர் மூன்றையும் தோசைமாவுப் பதத்தில் கலந்து தூரிகையால் பூசுங்கள். வெறும் பட்டி என்றால் கிளையை வளைக்கும்போது வெடித்து உதிரும், ஃபெவிகால் அதைப் பிடித்து வைக்கும். ஒரு நாள் காய்ந்தபின் இரண்டாவது பூச்சு.

இனி மரப்பட்டை. இந்த மரத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. பட்டை நீளநீளமான கீற்றுகளாக உரிந்து தொங்க, உள்ளே வழவழப்பான வெளிர்ந்த தண்டு தெரியும். முழுத் தண்டுக்கும் சாம்பல் கலந்த வெள்ளை அடியுங்கள். காய்ந்ததும், தண்ணீரில் நன்றாகக் கரைத்த பழுப்பும் சாம்பலும் மேலிருந்து கீழே கோடுகோடாக ஓடட்டும். தூரிகை எப்போதும் தண்டின் நீளவாக்கில்தான் போக வேண்டும். அடிமரத்தில் ஒரு ஆள் உயரத்துக்கு, அதாவது 2 செ.மீ. வரை, கொஞ்சம் கரடாகவும் கருமையாகவும் விடுங்கள். கடைசியில் மாஸ்கிங் டேப்பை நூல் போல நறுக்கிப் பழுப்பு அடித்து, நாலைந்து கீற்றுகளைக் கிளைப் பிரிவுகளில் தொங்கவிடுங்கள். பார்க்கிறவர்கள் முதலில் தொட வருவது அந்தக் கீற்றுகளைத்தான்.

இலைக்குப் பஞ்சு. ஒரு சிட்டிகை எடுத்து இழுத்து விரியுங்கள், இன்னும் விரியுங்கள். பஞ்சின் பின்னால் நாளிதழை வைத்தால் எழுத்து படிக்க முடிய வேண்டும், அதுதான் சரியான பதம். அதைக் கிளை நுனிகளில் மட்டும் சிறு கொத்துகளாக மாட்டுங்கள். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே வெற்று இடம் கட்டாயம் இருக்கட்டும். ஸ்பிரே அடித்து, நைஸ் தூளைத் தூவி, மரத்தைத் தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டு தட்டுங்கள். ஒட்டாதது உதிர்ந்துவிடும். மறுபடி ஸ்பிரே, மறுபடி கொஞ்சம் தூள். இந்த மரத்தின் முதிர்ந்த இலை ஒரு சாண் அளவுக்கு வளரும் என்றாலும், நம் அளவில் அது 2 மி.மீ.தான். கரடுத் தூளை இதில் பயன்படுத்தவே வேண்டாம்.

ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் மரத்தின் ஊடாக வந்தால் கற்பூர மரம். வரவில்லை என்றால் தயங்காமல் பாதிப் பஞ்சைப் பிய்த்து எடுத்துவிடுங்கள்.

தேயிலை

தேயிலையை முதலில் நான் உருண்டை உருண்டையாக ஸ்பான்ஜில் செய்து ஒட்டினேன். கொழுந்து பறிக்கப் போகும் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தார். “ஏந்தம்பி, செடி இப்படி உருண்டையா இருந்தா நாங்க எப்படிப் பறிக்கிறது? மேல மட்டமா, பாய் விரிச்ச மாதிரில்ல இருக்கும்” என்றார். அன்று மாலையே எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். அவர் சொன்னதுதான் தேயிலையின் முழு ரகசியம். கை எட்டும்படி இடுப்பளவில் மேற்பரப்பை மட்டமாக வைத்திருப்பார்கள். நம் அளவில் அது 9 முதல் 10 மி.மீ.

கணக்கைப் பாருங்கள். வரிசைக்கு வரிசை 1.2 மீட்டர், செடிக்குச் செடி 75 செ.மீ. என்று வைத்தால், ஒரு சதுர அடிப் பலகையில் 22 வரிசை, வரிசைக்கு 35 செடி. எழுநூறுக்கு மேல் வருகிறது. ஒவ்வொன்றாக ஒட்டினால் ஒரு மழைக்காலமே போய்விடும். அதனால் வரிசையாகத்தான் செய்ய வேண்டும்.

நார்மெத்தையையோ சற்றுக் கரடான ஸ்பான்ஜையோ 10 மி.மீ. உயரம், 12 மி.மீ. அகலத்தில் நீளப் பட்டைகளாக அறுத்துக்கொள்ளுங்கள். 8 அல்லது 9 மி.மீ.க்கு ஒரு முறை கத்தரிக்கோலால் மேலே சின்னதாக ஒரு வெட்டு, இருபுறமும் கொஞ்சம் கிள்ளல். செடிகள் தனித்தனியாகத் தெரிய அது போதும். கரும்பச்சையில் முழுக்க நனைத்து உலர்த்துங்கள். சரிவின் குறுக்கே, மலையின் வளைவை ஒட்டியே பட்டைகளை ஒட்டுங்கள், மேலிருந்து கீழாக வேண்டாம். வரிசைகளின் நடுவே 2 மி.மீ. இடைவெளி. அதில் ஒரு ஆள் நுழைந்து நடப்பது போலச் சில இடங்களில் மட்டும் கொஞ்சம் அகலமாக விடுங்கள். எல்லாம் ஒட்டியபின் மேற்பரப்பில் மட்டும் ஃபெவிகால் தடவிய ஸ்பான்ஜை ஒற்றி, இளம்பச்சை நைஸ் தூளைத் தூவுங்கள். பக்கங்களில் படக் கூடாது. கொழுந்து மேலே மட்டும்தானே துளிர்க்கும்?

ஒரு மூலையில் கவ்வாத்து வெட்டிய பகுதி ஒன்று வையுங்கள். சில வருடங்களுக்கு ஒரு முறை செடியைக் குட்டையாக வெட்டிவிடுவார்கள், அப்போது இலையில்லாத சாம்பல் நிறக் குச்சிகள்தான் நிற்கும். காய்ந்த செடிவேரை 5 மி.மீ. துண்டுகளாக நறுக்கி வரிசையாக நட்டால் முடிந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அதைப் பார்த்ததும் முகம் மலர்வார்கள்.

தேயிலைக்குள் சில்வர் ஓக் தள்ளித் தள்ளி நிற்கட்டும். செம்பு இழையிலேயே நேரான தண்டு, குட்டையான பக்கக் கிளைகள். நிழலைக் கட்டுப்படுத்தக் கிளையை வெட்டிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் உச்சியில் கொஞ்சமும் நடுவில் அங்கங்கேயுமாக இலை இருந்தால் போதும். இலையின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். தூவியபின் வெளிர்சாம்பல் வண்ணத்தைக் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் எடுத்து, கீழிருந்து மேலாக ஒரு வருடு வருடினால் காற்றடிக்கும்போது மின்னுவது போலத் தெரியும்.

மற்ற மரங்கள்

கல்லாறு செய்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 15 மீட்டர் பாக்கு மரம் நம் அளவில் 17 செ.மீ., அதன் தண்டு 2 மி.மீ.க்கும் குறைவு. துடைப்பத்து ஈர்க்கு அப்படியே பொருந்துகிறது! வெளிர்சாம்பல் அடித்து, மெல்லிய கோடுகளாகக் கணுக்கள் வரைந்து, உச்சியில் ஒரு விரற்கடை பச்சை. காகிதத்தில் 2 செ.மீ. நீள ஓலைகள் வெட்டி, ஓரங்களைக் கத்தரியால் நெருக்கமாகக் கீறி, மரத்துக்கு எட்டு பத்து ஒட்டினால் தோப்பு தயார்.

சோலைக்கும் அடர்காட்டுக்கும் தனித்தனி மரமே வேண்டாம். தள்ளி நின்று பார்த்தால் சோலை பூக்கோசு போலத் திரண்டுதான் தெரியும். முன்வரிசையில் மட்டும் தண்டும் கிளையும் உள்ள குட்டை மரங்கள், 12 முதல் 16 செ.மீ., தண்டு கோணல்மாணலாக, சாம்பல்பச்சைப் பாசி படிந்ததாக. பின்னால் பஞ்சு உருண்டைகளில் தூள் ஒட்டி நெருக்கமாக அடுக்கிவிடலாம். இருபதில் ஒன்றுக்குத் தளிர்ச் சிவப்பு. ஒன்றிரண்டு காட்டுப்பூவரசும் வையுங்கள், கருஞ்சிவப்புத் துளிகள் போதும். கடையில் வாங்கிய உருண்டை மரங்கள் கையில் இருந்தால் கடைசி வரிசைக்கு அவை போகட்டும்.

சைப்ரஸுக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை அடுக்கடுக்காகப் பிரித்து, வட்டமாக வெட்டி, பெரியதிலிருந்து சிறியதாகக் கம்பியில் கோத்து, கரும்பச்சை அடியுங்கள். சீகைக்கு ஒரே அடியிலிருந்து மூன்று தண்டு, எல்லாம் சாய்ந்தபடி. பாதையோர உண்ணிச்செடிக்கு நார்மெத்தைத் துணுக்கு, அதன்மேல் ஆரஞ்சும் மஞ்சளுமாகச் சில புள்ளிகள்.

நடுவதும் காப்பதும்

சரிவில் மரம் நடும்போது சரிவுக்குச் செங்குத்தாகக் குத்திவிடாதீர்கள். மலை எவ்வளவு சாய்ந்தாலும் மரம் வானத்தை நோக்கித்தான் நிற்கும். அடியில் பட்டிக் கலவையால் நாலு வேர்களை மண்ணுக்குள் இறக்குங்கள். அப்போதுதான் முளைத்த மரமாகத் தெரியும். கற்பூர மரத்தடியில் உதிர்ந்த பட்டைக் கீற்றுகளைத் தூவுங்கள். பின்வரிசை மரங்களைச் சிறிதாக்கி, தூளில் கொஞ்சம் வெள்ளையும் நீலமும் கூட்டினால் மூடுபனிக்குள் மலை தூரப்போகும்.

பசை காயும் முன்பே உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியை வளைவில் கையால் தள்ளிப் பாருங்கள். கிளை உரசினால் அப்போதே நகர்த்திவிடலாம். தூவும் வேலை முடிந்தபின் தண்டவாளத்தையும் பல்சட்டத்தையும் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள். பஞ்சிழை ஒன்று அச்சில் சுற்றினாலும், தூள் பற்களுக்குள் போனாலும் எஞ்சின் கெடும்.

மழைக்காலத்துக்குத் தனி எச்சரிக்கை. காய்ச்சி வடிகட்டிய டீத்தூளைச் சருகாகத் தூவுவது நல்ல உத்திதான், நானும் செய்தேன். ஆனால் சரியாக உலர்த்தவில்லை. ஐப்பசி மழையில் பத்து நாள் வெயில் வராமல் போக, மரத்தடி முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். இப்போதெல்லாம் டீத்தூள், வேர், சுள்ளி, செம்மண் எதுவானாலும் மார்ச், ஏப்ரல் வெயிலில் நாலைந்து நாள் மொறுமொறுவென்று காய வைத்து, மூடி இறுகிய டப்பாவில் போட்டு வைத்துவிடுகிறேன். ஒட்டும் ஃபெவிகால் தண்ணீரில் கிருமிநாசினி இரண்டு சொட்டு விடுவதும் உதவுகிறது. பலகையைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை இடம் விட்டு வையுங்கள், குன்னூர் வீடுகளில் சுவர்தான் முதலில் ஈரம் கசியும்.

தூசி படிந்தால் ஊத வேண்டாம். அகலமான மென்மையான மேக்கப் தூரிகையால் கிளை போகும் திசையிலேயே தடவுங்கள். உதிர்ந்த இடத்தில் ஸ்பிரே அடித்து, அதே டப்பாத் தூளைத் தூவிவிடலாம். ஒவ்வொரு கலவையிலும் ஒரு பிடி எடுத்து, எந்த மரத்துக்கு என்று எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பச்சையைக் கலக்க முடியாது.